ஒரு சாண் வாசல்

உங்கள் வீட்டு வாசற்படியை மட்டும் அளந்துவிட்டு, “இவ்வளவுதான் உன் வீடு” என்று ஒருவர் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது!

சடைச்சி ஒரு முள்ளம்பன்றி. ஏரிக்கரைக் காட்டில் அவள் தோண்டிய வளை, வெளியே பார்த்தால் ஒரு சாண் ஓட்டை. உள்ளே நாலு அறை! முள் முற்றாத அவள் குட்டிகள் இரண்டும் அங்கேதான் வளர்ந்தன. மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

அந்த இடத்தில்தான் ஏரிக்குப் பாதை போடச் சிங்கராஜா உத்தரவிட்டார். அளக்க வந்த சர்வேயர் நரி குனியவே இல்லை. நோட்டீஸைக் குரங்கு பனைமரத்து உச்சியில் கட்டிவிட்டுப் போனது. தரையைப் பார்த்தே நடக்கிற சடைச்சிக்கு அது எப்படித் தெரியும்? காற்றில் அறுந்து அவள் முதுகு முள்ளில் குத்தி நின்றபோதுதான் தெரிந்தது. ஆட்சேபணை சொல்ல மிச்சம் ஒரே நாள்!

ஓடினாள்.

“ஒரு சாண் எடுக்கிறோம், பதிலுக்கு ஒரு சாண் பாறை இடுக்கு தர்றோம். அப்புறம் என்னம்மா?” என்றது நரி.

“பாதை வேண்டாம்னு நான் சொல்லலியே சாமி! நானும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறேன்? உள்ளே நாலு அறை இருக்கு, அதையும் அளங்கன்னுதான் கேக்குறேன்!”

“அதுக்குக் கரடியைப் பாரு.”

கரடி தேனை நக்கிக்கொண்டே, “குரங்கைப் பாரு” என்றது. குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு, “நரியைப் பாரும்மா” என்றது.

“அடப் போங்கய்யா! நான் என்ன பந்தா, ஆளுக்கு ஒரு உதை விட?”

மறுபடியும் நரியிடமே வந்தாள். “சரி சாமி. கீழே ஒண்ணும் இல்லைன்னு எழுதியாவது குடுங்க. நான் போறேன்.”

விட்டது சனி என்று நரி, ‘கீழே கெட்டி மண். அறை ஏதும் இல்லை’ என எழுதி, பாதத்தை மையில் தோய்த்து முத்திரையும் குத்தியது.

மறுநாள் மண்ணை மிதித்து இறுக்க யானை வந்தது. மேற்பார்வைக்குச் சிங்கராஜாவும் நரியும் கூடவே வந்தார்கள். குட்டிகளைப் புதரில் விட்டுவிட்டு, சடைச்சி காகிதத்தோடு குறுக்கே நின்றாள். “ராஜா, முதல்ல இதைப் படிங்க! அப்புறம் யானையண்ணனை மிதிக்கச் சொல்லுங்க!”

யானை காலால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும். தட்டியது. தொம்! தொம்!

“ஐயையோ, கீழே பொந்து! நான் விழுந்தா தூக்கிவிட இந்தக் காட்டுல யாருய்யா இருக்கா?”

சிங்கம் காகிதத்தைப் பார்த்தது. நரியைப் பார்த்தது. “இதுதான் கெட்டி மண்ணா? உள்ளே போய் அளந்துட்டு வாடா!”

சடைச்சி முன்னே போக, நரி முனகிக்கொண்டே பின்னால் தவழ்ந்தது. மூக்கில் மூன்று முள்ளோடு வெளியே வந்தது. “நாலு அறைதான் ராஜா!”

ஏரி மேட்டில் நாலு அறைக்கு இடம் கிடைத்தது. மழைக்கு முன்னால் கரடியே தோண்டியும் கொடுத்தது. அதற்கப்புறம்தான் பாதை வந்தது.

ஊருக்காக ஒருவர் இடத்தை எடுக்கலாம். ஆனால் குனிந்து முழுசாக அளந்து, அதற்கு ஈடு கொடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

நரியின் மூக்கிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சடைச்சி சொன்னாள்: “உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சாமி, அடுத்த தடவை நோட்டீஸை என் மூக்குக்கு நேரா ஒட்டச் சொல்லுங்க!”