சல்லிக்காசு செலவில்லாத வேலை

முன்னொரு காலத்தில், சம்பா நெல் முற்றி அறுப்புக்குக் காத்திருந்த ஒரு தை மாதத்தில், மகுடவர்மன் என்ற ராஜாவுக்கு ஒரு குன்றின் மேல் கோபம் வந்தது. அரண்மனைக்குக் கிழக்கே இருந்த அந்தக் குன்று, பௌர்ணமி நிலா எழும்புவதை அவர் மாடத்திலிருந்து பார்க்கவிடாமல் மறைத்தது. அதை வெட்டித் தரைமட்டமாக்க வேண்டும் என்றார்.

"அதற்கென்ன, பிரபு," என்றார் பிரதானி பஞ்சநதம். "குடியானவர்களைப் பிடித்து வருவோம். அரண்மனை வேலைக்குக் கூலி கிடையாது. கஜானாவிலிருந்து சல்லிக்காசு செலவாகாது."

ஊர் ஊராகப் பறையறைந்து சொன்னார்கள். மறுநாள் காலை, அரண்மனை விகடகவி சடையன் சபைக்குப் போகும் வழியில் பேச்சியம்மை என்ற குடியானவப் பெண் வரப்பில் நின்று அவனை மறித்தாள்.

"ஏன்யா, கதிரு தலசாஞ்சு நிக்குது. இப்ப எங்க ஆம்பளையாளுகள மண்ணு வெட்டக் கூட்டிட்டுப் போனா நெல்லெல்லாம் வயல்லயே உதுந்து போகும். வருசம் பூரா பிள்ளைகளுக்கு என்னத்தப் போடுறது? நீ ராசாகூடப் பேசுற ஆளுதானே, கேட்டுச் சொல்லு."

சடையன் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, இந்த வேலைக்குச் செலவு உண்டு," என்றான்.

"எங்கே இருக்கிறது? காட்டு," என்றார் ராஜா.

"குன்றுக்கு வருகிறவன் வயலுக்குப் போக முடியாது. அவன் அறுக்காமல் விடுகிற நெல்தான் செலவு."

"வயலும் அவனுடையது, நெல்லும் அவனுடையது. அது எப்படி அரண்மனைச் செலவாகும்?" என்றார் பஞ்சநதம். அவருக்குச் சடையன் மேல் நெடுநாள் பொறாமை. தன் யோசனைக்கு ராஜா தலையை மட்டும் ஆட்டுவார். சடையன் பேசினால் மனம்விட்டுச் சிரிப்பார். இன்று அவனை ஒழித்துக்கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

"பிரபு, இவனையே ஆள் சேர்க்கும் அதிகாரியாக்குங்கள். நாளை விடியும்போது குன்றடியில் இருநூறு பேர் நிற்க வேண்டும். இல்லையென்றால் நாடு கடத்துங்கள்."

"யார் யாரை அழைப்பது, பிரதானியாரே?" என்று கேட்டான் சடையன்.

"கை கால் உள்ள எவரையும். கூலியில்லாத ஆட்கள் எல்லோரும் ஒன்றுதான். நீ கைகாட்டுகிறவர் மறுபேச்சில்லாமல் மண் சுமக்க வரவேண்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்று ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சடையனிடம் கொடுத்தார்.

மறுநாள் ராஜா கண்விழித்தபோது மேளச் சத்தம் கேட்கவில்லை. வெந்நீர் வரவில்லை. கைதட்டினார், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மடைப்பள்ளிக்குப் போனால் அடுப்புகள் சாம்பலாகக் கிடந்தன. வாசலில் காவலாளி இல்லை, லாயத்தில் குதிரைக்காரன் இல்லை. பசியும் கோபமுமாகக் குன்றடிக்கு நடந்தே போனார்.

அங்கே சமையல்காரர்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாவிதரும் நாதசுரக்காரரும் கூடை சுமந்தார்கள். வரிசையின் நடுவே பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றி, தலையில் மண்கூடையோடு பிரதானி பஞ்சநதம் நின்றார்.

"என்ன துணிச்சல் உனக்கு?" என்றார் ராஜா.

"உத்தரவு தங்களுடையது, மகாராஜா. கை கால் உள்ளவர்களைத்தான் அழைத்தேன். சல்லிக்காசு கொடுக்கவில்லை. ஆகவே செலவே இல்லை."

"செலவே இல்லையா? என் வயிறு காய்கிறது."

"அப்படியானால் செலவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காட்டச் சொன்னீர்கள், காட்டிவிட்டேன்." சடையன் தலை குனியவில்லை. "தங்களுக்குப் போனது ஒரு வேளைச் சோறு. குடியானவனுக்குப் போகப்போவது ஒரு வருஷத்துச் சோறு. கோபமென்றால் என்னை நாடு கடத்துங்கள். வயலில் நிற்கிறவனை மட்டும் நான் கைகாட்டமாட்டேன்."

பஞ்சநதம் கூடையைத் தொப்பென்று போட்டார்.

"பிரபு, இவனை உடனே தண்டியுங்கள். இவனால் என் அலுவலெல்லாம் அங்கே அப்படியே கிடக்கிறது."

ராஜா மெல்லத் திரும்பினார். "உமக்கும் அலுவல் கிடக்கிறதா, பிரதானியாரே? கூலியில்லாத ஆட்கள் எல்லோரும் ஒன்று என்றீரே."

பஞ்சநதத்தின் நெற்றியிலிருந்து மண் வழிந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல்காரர்களும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

ராஜா அங்கேயே குன்றை வெட்டும் உத்தரவை ரத்து செய்தார். கையிலிருந்த பொற்கங்கணத்தைக் கழற்றிச் சடையனுக்குப் போட்டுவிட்டு, "நாளை சீக்கிரமே சபைக்கு வா," என்றார்.

"நாளை வர முடியாது, மகாராஜா. எனக்கும் கொஞ்சம் வயல் இருக்கிறது. நான் சபையில் உட்கார்ந்திருந்தால் அதை யார் அறுப்பது?"

ராஜா மறுபடியும் சிரித்து, அறுப்பு முடியும்வரை விடுப்புக் கொடுத்தார். அதுவரை சடையனின் வேடிக்கைப் பேச்சில்லாமல், பஞ்சநதத்தின் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் சாப்பிட வேண்டியிருந்தது. அந்தச் செலவை ராஜாவே ஏற்றுக்கொண்டார்.