பலாமலைக்கு மின்னல் வண்டி

ஒரு கோடியில் தாமரைக் குளமும் மறு கோடியில் பலாமலையுமாக நீளவாக்கில் கிடந்தது ஒரு காடு. அந்தக் காட்டுக் குளத்தில் ஓர் ஆமை தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரே ஓர் ஆசை. வாழ்நாளில் ஒரு பலாச்சுளையாவது தின்றுவிட வேண்டும்!

அது மலைக்குப் போகாமல் இல்லை. வருடா வருடம் பழ வாசனை காற்றில் வந்ததும் கிளம்பிவிடும். போய்ச் சேரும்போது மரத்தடியில் கொட்டைகள்தான் கிடக்கும்.

"முன்னாலேயே கிளம்பினால் என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்துவிட்டது, குழந்தைகளே. பிஞ்சு விடும்போதே போய் மரத்தடியில் உட்கார்ந்தது. காத்திருந்த அலுப்பில் தூங்கிப்போய்விட்டது. கண் விழித்துப் பார்த்தால் மறுபடியும் கொட்டைகள்!

இப்படி இருக்கும்போது ஒருநாள் காட்டில் முரசு கொட்டியது. சிங்கராஜா பாறைமேல் ஏறி நின்றார். அவருக்கு எதையாவது அறிவிப்பது என்றால் அத்தனை சந்தோஷம்.

"குடிமக்களே! குளத்திலிருந்து மலைவரை மூங்கில் பாதை போடப் போகிறோம். அதன்மேல் மின்னல் வண்டி ஓடும். சிறுத்தை அதை இழுக்கும். விடிந்ததும் இங்கே ஏறினால், வெயில் சுடுவதற்குள் மலையில் இறங்கிவிடலாம். முதலில் இந்தப் பாதை. பிறகு நாலா பக்கமும் பாதை. காடு முழுவதையும் இணைத்துவிடுவோம்!"

எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன. ஆமைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"வெயில் சுடுவதற்குள்ளா! அப்படியானால் இந்த வருடம் நமக்குச் சுளை உண்டு" என்று அது பிள்ளைகளிடம் சொன்னது.

திட்டம் போடும் வேலை நரி மந்திரிக்கு. ஆற்றங்கரை ஓரமாகவே மணலில் ஒரு நேர்கோடு கிழித்தது. நல்ல கோடுதான். ஆனால் நரிக்கு ஒரு குணம் உண்டு. யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல அதற்கு வாய் வராது.

முதலில் கரடி வந்தது.

"மந்திரியாரே, பாதை வரட்டும், அவசியம் வரட்டும். ஆனால் நான் முதுகு சொறிகிற வேங்கை மரத்தடியில் மட்டும் வேண்டாம்."

"அதற்கென்ன, வளைத்துவிட்டால் போச்சு!" என்றது நரி.

அடுத்து எருமை வந்தது. "பாதை வந்தால் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் நான் புரளுகிற சேற்றுப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது."

"வளைத்துவிட்டால் போச்சு!"

பிறகு மயில் வந்தது. "நான் ஆடுகிற இடத்தில் மூங்கில் கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?"

"சேச்சே, நன்றாகவே இருக்காது. வளைத்துவிடுவோம்!"

வலப்பக்கம் ஆறு. அதனால் நரி ஒவ்வொரு தடவையும் இடப்பக்கமாகவே வளைத்தது. இடப்பக்கமாகவே வளைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நரிக்குத்தான் தெரியவில்லை. கேட்டவர்கள் முகம் கோணாமல் திரும்பிப் போனதில் அதற்குப் பரம திருப்தி.

முதல் வண்டி கிளம்பும் நாள் வந்தது. சிங்கராஜா முன்னால் உட்கார்ந்தார். நரி, கரடி, எருமை, மயில் எல்லாம் அடித்துப் பிடித்து ஏறின. கடைசியில் ஆமையையும் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"வழி தெரியுமா, தம்பி?" என்று ஆமை சிறுத்தையிடம் கேட்டது.

"வழியா? அது மந்திரி பாடு. வேகம்தான் என் பாடு!" என்று சொல்லிவிட்டுச் சிறுத்தை எடுத்தது பாருங்கள் ஓட்டம்! மரங்கள் பின்னால் பறந்தன. மயில் தன் தோகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ, நன்றாயிருக்கிறது! ஐயோ, நன்றாயிருக்கிறது!" என்று கத்தியது.

கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. சிங்கராஜா கம்பீரமாக இறங்கினார்.

"ஆகா! பலாமலையிலும் தாமரைக் குளமா! பேஷ், பேஷ்!"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. "மகாராஜா, அந்தக் கல்லின் மேல் வெயில் காய்கிறாளே, அவள் என் பெண்டாட்டி."

"என்னங்க, அதற்குள் வந்துவிட்டீர்களா? பழம் எங்கே?" என்று பெண் ஆமை கேட்டது.

சிங்கராஜாவின் பிடரி சிலிர்த்தது. நரி நடுங்கிக்கொண்டே, "மகாராஜா, வேகத்தில் ஏதாவது குறை உண்டா?" என்றது.

அவ்வளவுதான். "உன் மரத்தால் வந்த வினை!" "உன் சேற்றால் வந்த வினை!" என்று எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பொழுது சாயும்வரை சண்டை ஓயவில்லை.

அப்போது தரை அதிர யானை வந்து சேர்ந்தது. தும்பிக்கையில் வாடிப்போன மாலை. தலைமேல் ஒரு பெரிய பலாப்பழம்.

"மகாராஜா, உங்களை வரவேற்க மலையடியில் காலையிலிருந்து நின்று எனக்குக் கால் கடுத்துப்போச்சு. வண்டி வருகிற வழியாக இல்லை. அதுதான் நானே நடந்து வந்துவிட்டேன்" என்று சொல்லிப் பழத்தை இறக்கிப் பிளந்தது.

வாசனை குப்பென்று பரவியது. சண்டை நின்றது. வாசனை பிடித்துத் திரண்டு வந்த விலங்குகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சுளை கொடுத்தது யானை. கடைசிச் சுளை ஆமைக்குக் கிடைத்தது. அதோடு பழம் தீர்ந்துபோனது.

பொன் நிறத்தில் ஒரு சுளை! எத்தனை வருட ஆசை! ஆமை வாயைத் திறந்தது. அப்போது கல்லின் மேலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பக்கத்தில் கரடி தன் சுளையை முடித்துவிட்டுக் கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

ஆமை யோசித்தது. ஆமை யோசித்தால் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு வாயை மூடிக்கொண்டு, சுளையைக் கரடி முன்னால் தள்ளியது.

"கரடியண்ணா, இதையும் நீங்களே சாப்பிடுங்கள்."

கரடி ஒரே வாயில் போட்டுக்கொண்டது.

"எப்படி இருக்கிறது, அண்ணா?"

"அதை ஏன் கேட்கிறாய்! தேன்! சுத்தமான தேன்! இன்னும் இருக்கிறதா?"

ஆமை யானையைப் பார்த்தது. "மலையில் இன்னும் இருக்கிறதா, யானையாரே?"

"மரமே தெரியாமல் பழம் தொங்குகிறது. ஆனால் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். அப்புறம் விழுந்து வீணாகிவிடும்."

"கேட்டீர்களா, அண்ணா? அங்கே மரம் நிறையச் சுளை. இங்கே நாம். நடுவில் நிற்பது உங்கள் வேங்கை மரந்தான்" என்றது ஆமை.

கரடி திகைத்துப்போய், பக்கத்தில் நின்ற யானையின் காலில் சாய்ந்தது. முதுகை இப்படி ஒரு தடவை உரசியது. அப்படி ஒரு தடவை உரசியது. அதன் முகம் மலர்ந்தது.

"அட, இது வேங்கை மரத்தைவிட நன்றாக இருக்கிறதே! மந்திரியாரே, என் மரத்தடியில் தாராளமாகப் பாதை போடுங்கள்!"

"எனக்குச் சேறு எங்கே இல்லை?" என்றது எருமை.

"ஓடுகிற வண்டியிலேயே நின்று ஆடினால் காடு முழுக்கப் பார்க்குமே!" என்றது மயில்.

மறுநாளே மூங்கில்களைப் பெயர்த்து, ஆற்றங்கரை ஓரமாக நேராகப் போட ஆரம்பித்தார்கள். எல்லாரும் கை கொடுத்ததால் வேலை மளமளவென்று நடந்தது. பாதி வழியில் ஒரு பெரிய எறும்புப் புற்று குறுக்கிட்டது. சூடுபட்ட நரிக்கு இப்போது வீரம் வந்துவிட்டது.

"இனிமேல் வளைவு என்ற பேச்சே கிடையாது! இடித்துவிட்டுப் போங்கள்!"

"பொறுங்கள், மந்திரியாரே. உள்ளே குஞ்சு குட்டிகள் தூங்குகின்றன. இங்கே வளைத்துத்தான் ஆக வேண்டும்" என்றது ஆமை.

"வேலை இழுக்கும். பழம் விழுந்துவிட்டால்?"

ஆமை எச்சிலை விழுங்கிக்கொண்டு, "வளையுங்கள்" என்றது.

அங்கே மட்டும் பாதை வளைந்து, மறுபடி நேரானது. விஷயம் தெரிந்த எறும்புகள் திரண்டு வந்து, மிச்ச வழியில் கிடந்த சருகையும் சுள்ளியையும் இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்தன.

பாதை முடிந்த மறுநாள் விடிந்ததும், ஆமைக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, வெயில் சுடுவதற்குள் பலாமலையில் நின்றது. மரத்தில் பழங்கள் இருந்தன! ஆமையின் பிள்ளைகளுக்கு யானை ஆளுக்கு இரண்டு சுளை எடுத்துக் கொடுத்தது. பெரிய ஆமைக்குத்தான் பொறுக்கவில்லை. சுளை எடுத்துத் தரும்வரை நிற்காமல், பிளந்த பழத்துக்குள் அப்படியே முகத்தைப் புதைத்துக் கடித்துவிட்டது.

"ஆமையே! ருசி எப்படி? நாலு வார்த்தை பேசு!" என்றார் சிங்கராஜா.

ஆமை பேசவில்லை. பலாப்பால் ஒட்டி, இரண்டு தாடையும் கோந்து போட்டதுபோல் மூடிக்கொண்டுவிட்டன. கண் மட்டும் சிரித்தது.

"அவருக்கு என்ன பேச்சு, மகாராஜா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா?" என்றது பெண் ஆமை.

காடே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஆமை தன் வாழ்நாளில் அவசரப்பட்டது அந்த ஒரே தடவைதான்.

நீதி: எல்லாருக்குமான பாதை போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டுமானால், அவரவர் சௌகரியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.