மந்திரி தோட்டத்து வற்றாத ஊற்று

நெடுங்கரைச் சீமையை ஆண்ட நாகமல்ல ராஜா நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாலும் அதை நம்பிவிடுவார். அந்தக் கடைசிப் பேச்சு எப்போதும் மந்திரி அம்பலத்தரையனுடையதாகவே இருக்கும். ஆள் அதில் படு கெட்டிக்காரர்.

மந்திரி மாளிகையை ஒட்டிப் பழந்தெரு. ஊரிலேயே மூத்த தெரு. வீட்டுக்கு வீடு மண்குழாய் புதைத்து, தெருவுக்கு அடியில் ஓடும் செங்கல் சாக்கடையில் சேர்த்திருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். அது மந்திரி தோட்டத்து வழியாக ஊருக்கு வெளியே போகும். தலைமுறை தலைமுறையாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று போகமாட்டேன் என்றது. இறங்க வேண்டியதெல்லாம் எதிர்த்து ஏறியது. வாசல் கோலத்தின் மேல் கறுப்புத் தண்ணீர். அடுப்படியில் ஒரு நாற்றம் பாருங்கள்... சரி, வேண்டாம், நீங்கள் இப்போதுதான் சாப்பிட்டிருப்பீர்கள்.

தெருச் சனம் சபையில் வந்து முறையிட்டது. மந்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“மகாராஜா, தெருவும் கிழடு, சாக்கடையும் கிழடு. உளுத்துப்போனதைப் பழுது பார்க்க முடியாது. இவர்களை ஊருக்கு வெளியே களர்மேட்டில் குடிவைத்துவிடலாம். காலியான இடத்தில் நான் ஒரு நந்தவனம் போட்டுக்கொள்கிறேன்.”

ராஜா தலையாட்டப் போனார். ஆப்பக்கடை அங்கம்மா முன்னால் வந்து நின்றாள்.

“நான் வாக்கப்பட்டு வந்த வீடு மகாராஜா! என் புருஷன் கண்ணை மூடினதும் அந்தக் கூடத்துலதான். களர்மேட்டுல ஆப்பம் சுட்டு ஓணானுக்கா விக்கறது?” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. சபையில் வாய்க்கும் மூளைக்கும் பேர் போன சாத்தப்பனைத் தேடினார்.

“சாத்தப்பா, அடைப்பு எங்கேன்னு கண்டுபிடிப்பியா?”

“தெருவைத் தோண்டிப் பார்த்தால் தெரிஞ்சுடும் மகாராஜா.”

“தோண்டுறதா!” மந்திரி துள்ளினார். “நேற்றுத்தானே அம்மன் கோயிலில் கொடி ஏறியது? கொடி ஏறிவிட்டால் தேர் ஓடும் வீதியில் கடப்பாரை படலாமா? ஊருக்கே ஆகாது!”

வழக்கம் அப்படித்தான். ராஜா தாடியைத் தடவினார். “சரி, தெருவில் கடப்பாரை படக்கூடாது. ஆனால் திருவிழா முடிவதற்குள் அடைப்பைக் காட்டு. இல்லாவிட்டால் பழந்தெரு காலி.”

சாத்தப்பன் நேரே பழந்தெருவுக்குப் போனான். “அங்கம்மாக்கா, இது எப்பத்துலருந்து இப்படி?”

“மந்திரி ஐயா தோட்டத்துல குளம் வெட்டினாங்க பாரு தம்பி, அப்பத்துலருந்து.”

அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரே வறண்டாலும் அது வற்றாது. ‘கங்கையே என் தோட்டத்தில் ஊற்றெடுத்தாள்’ என்று மந்திரி சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். தாமரை இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் மாதிரி செழித்துக் கிடக்கும். ராஜாவுக்கு வெள்ளிக்கிழமைக் குளியல் அதில்தான்.

சாத்தப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அக்கா, கடைசி நாள் மஞ்சள் நீராட்டுதானே? இந்த வருஷம் யாரும் யார் மேலேயும் ஊத்த வேண்டாம். அண்டா அண்டாவாக் கரைச்சு, சேர்ந்தாப்புல எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் குழாய் வழியாச் சாக்கடையில ஊத்துங்க.”

“அடப்பாவி! சாமி மஞ்சளைச் சாக்கடையிலயா?”

“அம்மனுக்குத் தெளிச்சுட்டு மிச்சத்தை ஊத்துங்கக்கா. அவளுக்கும் தெரு மேல அக்கறை இருக்கும்ல?”

கடைசி நாள் வந்தது, வெள்ளிக்கிழமை. மந்திரியின் குளத்தில் ராஜா கழுத்தளவு தண்ணீரில் நின்று ஆனந்தமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அப்போது கிழக்குப் படித்துறைப் பக்கம் தண்ணீர் மஞ்சளாகத் திரண்டது. அப்படியே பரவிக் குளம் முழுக்க மஞ்சள்!

“அம்மன் அருள்!” என்று ராஜா கையெடுத்துக் கும்பிட்டார்.

கரையில் நின்ற மந்திரிக்குப் பூரிப்பில் தலைகால் புரியவில்லை. “ஆமாம் மகாராஜா! இந்தக் குளத்தில் வெளித் தண்ணீர் ஒரு சொட்டுக் கலக்காது. எல்லாம் என் ஊற்று. சத்தியம்!”

மஞ்சள் கையோடு சாத்தப்பன் ஓடிவந்தான். பின்னாலேயே அங்கம்மாவும் தெருச் சனமும்.

“மகாராஜா, அடைப்பைக் கண்டுபிடிச்சாச்சு!”

“எங்கே?”

“அதிலேதான் நீங்கள் நிற்கிறீர்கள்.”

ராஜா விழித்தார். சாத்தப்பன் விளக்கினான். “இந்த மஞ்சளைப் பழந்தெருச் சாக்கடையில் இப்போதுதான் ஊற்றினோம். குளம் வெட்டும்போது சாக்கடையை உடைத்து, அதன் மேலேயே கரை கட்டிவிட்டார்கள். பாதித் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறுகிறது. மீதி மணலில் வடிந்து இங்கே ஊறுகிறது.”

ராஜாவுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. “அப்போ... போன வெள்ளிக்கிழமை தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?”

“அன்றைக்கு நாங்கள் மஞ்சள் ஊற்றவில்லை மகாராஜா.”

ராஜா தண்ணீரிலிருந்து எழும்பினாரா, பறந்தாரா என்று யாருக்கும் தெரியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கரையில் நின்றார்.

“பொய்! என் ஊற்று சுத்தமானது!” என்று மந்திரி கத்தினார்.

“அப்படின்னா ஐயா ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும்” என்றாள் அங்கம்மா. அவளே ஒரு செம்பு மொண்டு நீட்டினாள்.

“குடி” என்றார் ராஜா.

மந்திரி செம்பைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

“மந்திரி தோட்டத்தில் தேர் ஓடுவதில்லை!” என்று ராஜா கர்ஜித்தார். “இப்போதே கடப்பாரை எடுங்கள். குளத்தை உடையுங்கள். சாக்கடையைப் பழையபடி சரிவு பார்த்துக் கட்டுங்கள். அம்பலத்தரையா, செங்கல் சுமப்பது நீ! பழந்தெருச் சனத்தை இனி யாரும் அசைக்கக் கூடாது!”

அங்கம்மா அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். ‘என் வீடு, என் வீடு’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ராஜாவுக்கும் கண் கலங்கிவிட்டது. “சாத்தப்பா! உனக்கு என்ன கொடுத்தாலும் தகும். வா, முதலில் உன்னைக் கட்டித் தழுவுகிறேன்!” என்று தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

சாத்தப்பன் ஒரே தாவலில் அங்கம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

“பரிசு மெதுவாக வரட்டும் மகாராஜா. தாங்கள் முதலில் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்!”

ராஜா தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு பழந்தெருக் கடைசி வீடு வரைக்கும் கேட்டதாம்.