கூப்பிடு தூரம்

காட்டோரத்தில் ஒரு குளம் வற்றிக்கொண்டே வந்தது. அதில் ஒரு கானாங்கோழி தன் மூன்று குஞ்சுகளோடு இருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. நடக்கத் தெரியும், அவ்வளவுதான். இனியும் அங்கே இருந்தால் பட்டினிதான்.

கிழக்கே மருதேரியில் தண்ணீர் நிறைய இருப்பதாகப் பேச்சு. ஒரு நாரை தினமும் அங்கே பறந்துபோய் நத்தை தின்றுவிட்டுத் திரும்புவார். நல்ல மனசுக்காரர். எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார், தெரியாததற்கும்கூட.

"அண்ணே, மருதேரி எவ்வளவு தூரம்?" என்று கானாங்கோழி கேட்டாள்.

"அதுவா? கூப்பிடு தூரம்தான் தங்கச்சி. நாலு தடவை சிறகடிச்சா வந்துரும்."

நாரைக்கு உரக்கக் கூப்பிடும் குரலே கிடையாது, அலகைத் தட்டத்தான் தெரியும். கூப்பிடவே முடியாதவர் சொன்ன கூப்பிடு தூரத்தை அவள் அப்படியே நம்பினாள். பாவம், அவளுக்கிருந்த கவலையில் இதெல்லாம் தோன்றுமா?

பக்கத்தில்தானே என்று மறுநாள் குஞ்சுகளை நன்றாகத் தூங்கவிட்டாள். கிடைத்த பூச்சிகளை ஊட்டிவிட்டு, வெயில் வந்தபிறகுதான் கிளம்பினாள். புதர் முடிந்து பொட்டல் வந்தது. முதல் மேட்டில் ஏறினால் ஏரி தெரியும் என்று நினைத்தாள். இன்னொரு மேடுதான் தெரிந்தது. அதில் ஏறினால் அதற்கப்பால் மற்றொன்று.

கானாங்கோழியின் குரல் காட்டையே எழுப்பிவிடும். அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். ஏரிப் பறவை ஒன்றாவது பதில் சொல்ல வேண்டுமல்லவா? ஒன்றும் சொல்லவில்லை.

மண் சுடத் தொடங்கியது. கடைக்குட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அம்மா, இன்னும் நாலு தடவை ஆகலையா?"

 அவள் அதைத் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் நிழல் ஒரு குஞ்சுக்குத்தான் போதும். மற்ற இரண்டும் வெயிலில் வாய் பிளந்து நின்றன. பெற்றவள் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அந்த நேரம் நாரை ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டு பதறி இறங்கினார். கால் சுட்டது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். மற்றதையும் தூக்க வழியில்லை.

"இந்த வழியா நான் ஒருநாளும் நடந்ததில்லை தங்கச்சி" என்றார்.

"பறக்கிற தூரத்தை நான் கேட்கலையே அண்ணே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நாரைக்கு அது அதிகமாக உறைத்தது.

அவர் இரண்டு சிறகுகளையும் அகல விரித்தார். மூன்று குஞ்சுகளும் அந்த நிழலுக்குள் ஓடிவந்தன. சிறகை மடக்காமலே அவர்களோடு நடந்தார். குஞ்சுகள் நின்றால் நின்றார். கடைக்குட்டி படுத்தால் குனிந்து காத்திருந்தார். தான் நொடியில் கடக்கும் பொட்டல் இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பொழுது சாயும் வேளையில் மருதேரி வந்தது. முதலில் கடைக்குட்டி தண்ணீரில் அலகை வைத்தது. தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பழைய குளத்துத் தவளை ஒன்று நாரையிடம் மருதேரிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டது. "கூப்..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தவளையின் குட்டைக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு ரொம்ப தூரம்தான் தம்பி. மழை ஈரம் இருக்கிற அன்னிக்குக் கிளம்பு. நானும் கூட வர்றேன்."

தூரம் கேட்பவருக்கு, அவர் காலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.