மணிக்கயிற்றுக்குக் கம்பளி வந்த கதை

ஆடு மாடெல்லாம் நம்மைப் போலவே வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில், சதுப்பு நிலத்தை ஒட்டி ஓர் ஊர். அந்த ஊருக்கு எல்லாமே கல்லால் கட்டின கிறிஸ்தவக் கோயில்தான். கல்யாணமும் அங்கே, பஞ்சாயத்தும் அங்கே. மூடுபனி இறங்கினால் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். சதுப்பில் வழி தெரியாமல் நிற்கிறவர்கள் அந்தச் சத்தம் வரும் பக்கமே நடந்து வீடு சேருவார்கள்.

கால் சில்லிடாமல் இருக்கக் கோயில் தரை முழுக்கக் காய்ந்த புல்லைப் பரப்பி வைப்பது அங்கே வழக்கம். அதைத் தின்ன ஒரு வெள்ளாடு நைசாக உள்ளே புகும்.

ஒரு நாள் சாயங்காலம், நீட்டின கை தெரியாத பனி. ஹில்டா என்கிறவளின் புருஷன் சதுப்பில் நாணல் அறுக்கப் போனவன், திரும்பவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் கோயிலுக்கு ஓடினாள். பாதிரியார் அண்ணாந்து நின்றார். மணிக்கயிற்றில் கீழ்ப்பாதியைக் காணோம்.

"சாமி, மீதிக் கயிறு எங்கே?"

அவர் வெள்ளாட்டைக் காட்டினார். அதன் வாயோரம் நார் தொங்கியது.

"புல்லோட புல்லாக் கிடந்துச்சு, நான் என்னத்தைக் கண்டேன்?" என்றது அது. "கொஞ்சம் உப்புக் கரிச்சுது, அவ்வளவுதான்."

"பாவி! என் பிள்ளைக்கு அப்பன் வேணுமடி!"

ஊர்க் கயிறெல்லாம் நாணல் கட்ட அவனோடுதான் போயிருந்தது. ஏணியில் ஏறினால் கயிற்றைத் தொடலாம், தொங்கி இழுக்க முடியாது. அப்போது, குளிருக்கு வாசலில் ஒதுங்கியிருந்த செம்மறியை ஹில்டா பார்த்தாள்.

"என்னை ஏன்க்கா அப்படிப் பாக்குறே?"

"உன் கம்பளியைக் குடேன். திரிச்சுக் கயிறாக்கிடுவேன்."

"இந்தக் குளிர்ல வெறும் உடம்போட நான் எங்கே போவேன்?"

இடுப்பிலிருந்த பிள்ளை எட்டிச் செம்மறியின் காதைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை. செம்மறி பெருமூச்சு விட்டது.

"சரி, கத்தரிச்சுக்கோ. ஆனா இனிமே நான் இங்கேதான் படுப்பேன். யாரும் விரட்டக் கூடாது."

"விரட்டினா நான் பாதிரியே இல்லை!" என்றார் பாதிரியார்.

ஹில்டா கம்பளியைக் கத்தரித்தாள், கயிறாகத் திரித்தாள். பாதிரியார் ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டார். அவள் இழுத்தாள். நார்க்கயிறு போல அது உள்ளங்கையை அறுக்கவில்லை. அதனால் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும் வரைக்கும்.

"அடியே, போதும்டி! காது கிழியுது!"

அன்று தொட்டுத்தான் அந்த நாட்டுக் கோயில்களில் மணிக்கயிற்றைக் கை பிடிக்கிற இடத்தில் மெத்தென்று கம்பளி இருக்கிறது. கோயில் தோட்டத்தில் செம்மறி மேய்ந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. வெள்ளாடு வந்தால் மட்டும் கதவைச் சாத்துகிறார்கள்.