பருவம் பார்க்கப் போன மாமன்

ஓணாங்குடிப் பொன்னுரங்கத்துக்கு ஒரே தங்கச்சி, செண்பகவல்லி. யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெண் பிறந்து பதினோரு மாதம் ஆனதும் போன் போட்டாள்.

"அண்ணே, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். நீ எப்ப வர்றியோ அப்பத்தான். சீக்கிரம் வந்துடு!"

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே தங்கத்தில் ஒரு ஜோடித் தோடு வாங்கிவிட்டான். அவனும் கூட்டாளிகள் கோதண்டபாணியும் சின்னமுத்துவும் எங்கே போனாலும் சைக்கிளில்தான். துறைமுகம் வரை மூன்று நாள் மிதி, கப்பலில் சைக்கிளை ஏற்றி, இறங்கி மறுபடியும் மிதி. யோசனை கேட்கச் சைக்கிள் கடை தாவூத் பாயிடம் போனார்கள்.

"வெளிநாட்டுப் பயணம். வெயில், மழை, எதிர்காத்து எதுவும் இல்லாத பருவமாப் பாருங்க. பாத்துட்டுத்தான் கிளம்பணும், ஆமா" என்றார் பாய், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

உடனே ஆராய்ச்சி தொடங்கியது. சித்திரையில் நட்டநடுத் தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, உச்சி வெயிலில் கோதண்டபாணியை மிதிக்கவிட்டார்கள். மயங்கி விழுந்தான். சித்திரை ஆகாது. ஐப்பசி மழையில் சின்னமுத்து மிதித்தான். ஏழு நாள் காய்ச்சல். ஐப்பசியும் ஆகாது.

தை பிறந்ததும் பொன்னுரங்கத்துக்குப் பொறி தட்டியது.

"ஏண்டா, இதெல்லாம் நம்மூரு வெயில், நம்மூரு மழை. அங்க எப்படியோ?"



"போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் தெரியும்" என்றான் கோதண்டபாணி.

"அப்புறமா கிளம்பலாம்" என்றான் சின்னமுத்து.

"தோட்டை எடுத்துக்கவா?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

"போடா மடையா! நாம என்ன பயணமா போறோம்? பருவம் பாக்கத்தானே போறோம்!"

தோடு பீரோவிலேயே தங்கிவிட்டது. மூவரும் மிதித்தார்கள், கப்பலேறினார்கள், மிதித்தார்கள். அண்ணனை வாசலில் கண்டதும் செண்பகவல்லி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காது குத்தும் பத்தருக்கு ஆள் அனுப்பப் போனாள்.

"இரு தாயி! நான் இன்னும் வரலையே."

"பின்ன, இது யாருண்ணே?"

"பருவம் பாக்க வந்தவன். இப்பவே குத்திட்டா, அப்புறம் வர்ற தாய்மாமன் எதைக் குத்துவான்?"

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். மூவரும் ஒரு வாரம் வானத்தைப் பார்த்தார்கள். வெயிலில்லை, மழையில்லை, காற்றோ இதமாக வீசியது. அடடா, இதுவல்லவா பருவம்! இனி ஒரு நாள் தாமதிக்கக் கூடாது என்று அரக்கப்பரக்க ஊர் திரும்பினார்கள், கிளம்புவதற்காக.

வந்து சேர்ந்து, கால்வலிக்கு எண்ணெய் தேய்த்து எழுந்தபோது பங்குனி. தோட்டை மடியில் முடிந்துகொண்டு பொன்னுரங்கம் பெடலில் கால் வைத்தான். சின்னமுத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"நாம பாத்தது தை மாசத்துப் பருவம். இப்ப அங்க எப்படியோ?"

நியாயம்தானே! தோடு பீரோவுக்குப் போனது. மூவரும் பார்க்கப் போனார்கள்.

இப்படிப் பார்க்கப் போனது இதோடு பதினாலு தடவை. குழந்தை தர்ஷிகாவுக்கு ஆறு வயதாகிவிட்டது. காது இன்னும் மூளிதான். போன தடவை மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து, மீசையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"மாமா, நீங்கள் எப்ப வருவியள்?"

பொன்னுரங்கம் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டான்.

"எனக்கு மட்டும் உன்னைப் பாக்க ஆசையில்லையா கண்ணு? பருவம் ஒண்ணு அமையட்டும், மாமன் ஓடி வந்துடுறேன்!"