பாரின் மேல் நட்ட கம்பம்

அந்தச் சனிக்கிழமை மாலை வெண்மணற்குடி ஆலயத்தின் பின்னறையில் இருந்தவர்கள் நால்வர்: பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர் ஞானசுகிர்தம் அம்மையார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சபை மூப்பருமான மனாசே, மாதர் சங்கத் தலைவி தங்கபுஷ்பம், ஐஸ் ஆலை நடத்தும் பாக்கியநாதன். ஐந்தாமவர் ஒருவரும் உண்டு. அவர் அறைக்குள் இல்லை. வெளியே பூவரச மரத்தடியில் நின்றிருந்தார். இருந்தவர்களோடு அவரையும் சேர்ப்பதா, விடுவதா என்பதே அன்றைய கேள்வி.

இந்தக் கரையில் குருவானவரை ஐயர் என்பார்கள். அவருடைய மனைவியை ஐயரம்மா என்பார்கள். ஒரு பெண்ணே குருவானவராக வந்து இறங்கியபோது ஊருக்குச் சொல் கிடைக்கவில்லை. மணமாகாத அம்மையாரையும் ஐயரம்மா என்றே அழைத்தது. அவர் அதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியவை வேறு இருந்தன.

அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. மனாசேயோ அவருக்குத் தகப்பன் வயதுடையவர். ஆனாலும் பிரசங்கியாராகத் தேர்ச்சி பெற விரும்பிய நாள் முதல், அம்மையார் அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். தெரியாததைத் தெரியாது என்றார். கற்பித்தே பழகியவருக்கு அது எளிதன்று. அவர் அதைச் செய்தார்.

மறுநாள் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. மனாசே முதன்முறையாகப் பிரசங்க பீடத்தில் ஏற வேண்டும். அதே ஆராதனையில் மரத்தடியில் நின்றவர் திருவிருந்துக்கு வர அனுமதி கேட்டிருந்தார். அவர் மனாசேயின் உடன்பிறந்த தம்பி, எப்பிராயீம்.

நடந்தது ஊரறிந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு போதகன் பந்தல் போட்டான். மருந்து உண்பது அவிசுவாசம் என்றான். உலகம் முடியும் நாள் தனக்கு வெளிப்பட்டது என்றான். அதற்கெல்லாம் வசனம் காட்டினான். ஒவ்வொன்றையும் பாதியில் வெட்டிக் காட்டினான். எப்பிராயீம் அவனை நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே எழுந்து, இந்த மேசையிலிருப்பது செத்த அப்பம் என்று உரக்கச் சொல்லிவிட்டு, சில குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

குறித்த நாள் வந்தது, போயிற்று. போதகனும் போனான். குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எப்பிராயீம் கடைசியாக வந்தார். ஆலயத்துக்குள் அல்ல, மரத்தடி வரைக்கும்.

அங்கேதான் வழக்கம் குறுக்கே நின்றது. இந்தச் சபையில் விலகிப் போனவர் தாமாக உள்ளே நடந்து வருவதில்லை. உள்ளேயிருந்து ஒருவர் வாசலுக்குப் போய்க் கைபிடித்து அழைத்து வர வேண்டும். மற்றவர்களை அவரவர் உறவினர் அழைத்து வந்தார்கள். எப்பிராயீமுக்கு அண்ணன் இருக்கிறார். அண்ணன் இருக்கையில் வேறொருவர் முந்துவது அண்ணனை அவமதிப்பதாகும். அண்ணன் போகவில்லை.

மனாசே வேதாகமத்தை மேசைமேல் விரித்து வைத்தார்.

"நாளைய வசனத்தைத் தேர்ந்துகொண்டேன், ஐயரம்மா. எபிரெயருக்கு எழுதின நிருபம், ஆறாம் அதிகாரம்."

தங்கபுஷ்பம் நிமிர்ந்தார். "ஒளியக் கண்டுட்டு, ருசியும் பார்த்துட்டு விலகிப் போனவங்களத் திரும்பக் கொண்டுவர முடியாதுன்னு இருக்கே, அதுவா?"

"அதுவேதான்."

"சார், உமக்கு வேற வசனமே கிடைக்கலியா? வேதம் இவ்வளவு தடிமனா இருக்கு."

"தடிமனாக இருப்பதால் தாண்டிப் போய்விடலாம் என்கிறீர்களா?"

"நாளைக்கு ஒரு நாள் அன்பப்பத்திப் பேசுமேன். கேட்கிறவங்களுக்கும் காது குளிரும்."

பாக்கியநாதன் சிரித்தார். "காது குளிரணும்னா நான் ஐஸ் அனுப்புதேன், அக்கா."

"நீ சும்மா இருடே."

அம்மையார் சிரிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. மனாசேயை நோக்கிக் கேட்டார்.

"ஏன் இந்த வசனம், சார்?"

மனாசே சன்னலைப் பார்க்காமல் பேசினார். பார்த்திருந்தால் மரம் தெரிந்திருக்கும்.

"நான் இவனைத் தூக்கி வளர்த்தவன். இவன் வெளியே நிற்பது எனக்கு இனிக்கவில்லை. ஆனால், அம்மா, அந்தப் பந்தல்காரன் செய்த குற்றம் என்ன? தனக்கு வேண்டியபடி வசனத்தை வளைத்தான். கள்ளப் போதகத்துக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று எழுதியிருப்பது அதற்காகத்தானே? இன்று என் தம்பி என்பதற்காக நான் ஒரு வசனத்தை வளைத்தால், அவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவன் பந்தலில் செய்ததை நான் பீடத்தில் செய்வேன். அவ்வளவே."

 

"நன்றாகச் சொன்னீர்கள்" என்றார் அம்மையார். "வளைக்கக் கூடாது."

"அப்படியானால் பொருள் சொல்லுங்கள். வளைக்காத பொருள்."

அம்மையார் வேதாகமத்தைத் தம் பக்கம் இழுக்கவில்லை. "கடலில் உங்கள் அப்பா பார் ஏறிய கதையை எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

"அதற்கும் இதற்கும்..."

"நான் வெளியூர்க்காரி, சார். துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன்."

மனாசே ஆசிரியர். கேட்டால் முறையாகச் சொல்லிவிடுவார்.

"கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு மூழ்கிக் கிடக்கிறது. அதைப் பார் என்பார்கள். மேலே தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். பல வள்ளங்கள் அதில் மோதி உடைந்தன. ஆகவே ஊரார் பாறை இடுக்கில் ஒரு பனங்கம்பத்தை நட்டுக் கறுப்புக் கொடி கட்டினார்கள். இப்பக்கம் வராதே என்று பொருள். அதை நட்டவர்களில் என் தகப்பனார் யோசேப்பும் ஒருவர்."

"நட்டவரேவா?"

"நட்டவரே. ஒருநாள் மாலை, மற்ற வள்ளங்களுக்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விட வேண்டுமென்று, சுற்றிப் போகாமல் பாரின் மேலேயே குறுக்கே விட்டார். அன்று நீர் உயரம், தாண்டிவிடலாம் என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம்."

"யார்?"

"பெயர் சொன்னதில்லை. சொன்னவன் வள்ளத்தில் வரவில்லை என்று மட்டும் சொல்வார்."

பாக்கியநாதன் தலையசைத்தார். "அப்படி ஆளுங்க வரவே மாட்டாங்க, சார்."

"கம்பம் அங்கே நின்றதா?" என்று கேட்டார் அம்மையார்.

"நின்றது. கொடியும் இருந்தது."

"அது சொன்னது மெய்தானா?"

"மெய். வள்ளம் சிதறியது. ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை."

"உங்கள் அப்பா?"

"கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தண்ணீரில் நின்றார்."

"எது அகப்பட்டது?"

மனாசே வாய் திறந்தார். பிறகு மூடினார். இந்தக் கதையை அவர் எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறார்.

"கம்பம்" என்றார்.

"வராதே என்று சொன்ன கம்பமா?"

"அதுதான். அங்கே வேறு ஒன்றும் இல்லை."

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அம்மையார் அவர் பக்கம் திரும்பினார்.

"கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஊரார் அந்தக் கம்பத்தைப் பிடுங்கியிருந்தால், அக்கா?"

 காது குளிர்வதைப் பற்றித் தங்கபுஷ்பம் அதன்பின் பேசவில்லை.

ஆனால் மனாசே எளிதில் இணங்குகிறவர் அல்லர். அவருடைய பெருமையே அதுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வசனத்தின்மேல் வைத்தார்.

"உவமை அழகு, ஐயரம்மா. ஆனால் உவமையும் வளையும். வசனம் வெறுமனே வராதே என்று சொல்லவில்லை. விலகிப் போனவர்களை மறுபடி புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது. கூடாது என்றால் கூடாது. அதை என்ன செய்வீர்கள்?"

"ஒன்றும் செய்யமாட்டேன். அது அப்படியே இருக்கட்டும்." அம்மையார் நாற்காலியில் சற்று முன்னால் வந்தார். "உங்கள் அப்பா கம்பத்தை விட்டுத் தாமே நீந்திக் கரைக்கு வந்திருக்கக் கூடுமா?"

"கூடாது. பாரைச் சுற்றி நீரோட்டம் அப்படி. எவராலும் கூடாது."

"கரையில் நின்றவர்களுக்கு அது தெரியுமா?"

"கைக்குழந்தைக்கும் தெரியும்."

"தெரிந்தும் ஏன் போனார்கள்?"

மனாசே புருவத்தைச் சுருக்கினார். கேள்வி அவருக்குப் புதிதாயிருந்தது. பதில் வேறிடத்திலிருந்து வந்தது.

"என்ன ஐயரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க" என்றார் பாக்கியநாதன். "தெரிஞ்சதனாலதான போனாங்க? அந்தாளால நீந்தி வர முடியும்னா எல்லாரும் கஞ்சியக் குடிச்சிட்டு வீட்டுல படுத்திருப்பாங்க. போனது எங்க தாத்தா வள்ளம்."

"சொல்லுங்கள்."

"வழி நெடுகத் திட்டிக்கிட்டே போனாராம். கம்பம் நட்ட பயலுக்குக் கண்ணு எங்கடா போச்சுன்னு. பார்கிட்டப் போகாம, தள்ளி நங்கூரம் போட்டுட்டு, இடுப்புல கயித்தக் கட்டி, கயித்தோட மறுமுனைய வள்ளத்துல கட்டிட்டுக் குதிச்சாராம். அவரும் அடிச்சிட்டுப் போயிரக்கூடாதுல்லா? போய்ப் பிடிச்சு இழுத்துட்டு வரும்போதும் திட்டு. கரையில இறக்கிவிட்டும் திட்டு. யோசேப்புத் தாத்தாவே சிரிச்சிக்கிட்டுச் சொல்வாரு. இவரு திட்டத் திட்டத்தான் நான் பொழைச்சேங்கறது எனக்குப் புரிஞ்சுதுன்னு."

மனாசேயின் உதடுகள் அசைந்தன. அது சிரிப்பன்று, தகப்பனின் குரலைக் கேட்டவர் முகம்.

"உண்மைதான்" என்றார் மெதுவாக. "அதன் பிறகு ஆண்டுதோறும் அந்தக் கம்பத்தை நிமிர்த்தி நட்டவர் அவரே. வேறு யாரையும் அந்த வேலைக்கு விடமாட்டார். புயலில் ஒருமுறை அது சாய்ந்தபோது காய்ச்சலோடு எழுந்து போனார்."

"அப்போது உங்கள் தம்பி?"

"வள்ளம் உடைந்தபோது நான் சிறு குழந்தை. அவன் பிறந்தது அதற்குப் பின்." சற்று நிறுத்தினார். "தகப்பனார் பெயர் யோசேப்பு. மூத்தவனுக்கு மனாசே என்று வைத்தாயிற்று. வேதத்து யோசேப்புக்கு இரண்டு பிள்ளைகளாயிற்றே, இன்னொருவன் வராமல் இருக்கக் கூடாதென்று எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்களாம். அந்த விடியலுக்குப் பிறகுதான் எப்பிராயீம் வந்தான்."

அந்தப் பெயரைக் கேட்டவுடன் மற்ற மூவரும் அவரைப் பார்த்தார்கள். தம்பி வெளியேறிய ஞாயிறு முதல் அன்றுவரை அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. இவன், அவன், தம்பி என்றே சொல்லி வந்தார்.

வெளியே, மறுநாள் திருவிருந்துக்கான ஆயத்த ஆராதனைக்கு முதல் மணி அடிக்கத் தொடங்கியது. முற்றத்தில் செருப்புகள் கழற்றப்படும் ஓசை கேட்டது. மரத்தடியில் நின்றவர், வருகிறவர்களுக்கு வழிவிட்டு இன்னும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

மனாசே இம்முறை சன்னலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நாளை இந்த வசனத்தை நான் எப்படி வாசிக்க வேண்டும், அம்மா?"

"எழுதியிருக்கிறபடியே, சார். ஒரு சொல்லும் குறைக்காமல். குரலையும் தாழ்த்தாமல்."

"அவன் காது கேட்கவா?"

"அவர் காதும் கேட்க. உங்கள் காதும் கேட்க. அந்த நிருபத்தை முதன்முதலில் பெற்றவர்கள் விலகிப் போனவர்கள் அல்லர், சார். சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்."

மனாசே அதை ஏற்றுக்கொண்டு தலைதாழ்த்தினார். பிறகு, நல்ல மாணவன் எதையும் பாதியில் விடமாட்டான் என்பதற்கேற்ப, மிஞ்சியிருந்த ஒன்றையும் கேட்டார்.

"வாசித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகவே வாசித்துவிட்டேன். அதற்கு மேல் அந்த வசனம் அவனுக்கு என்ன செய்யும்?"

அம்மையார் எழுந்து தம் அங்கியை எடுத்தார்.

"விழுந்தவரை விடியும்வரை தாங்கும். கரைக்குக் கொண்டுவராது. கம்பத்துக்குக் கை கிடையாது, சார்."

அந்த அறைக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று பிரசங்க பீடத்துக்குப் போகிறது, மற்றொன்று முற்றத்துக்கு. மனாசே வேதாகமத்தை மூடவில்லை. விரித்தபடியே மேசைமேல் விட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முற்றத்துக் கதவைத் திறந்து, பூவரச மரத்தை நோக்கி நடந்தார்.